டவர் வந்த புதன்கிழமை

டவர் வந்துவிட்டது என்று அவருக்கு அனுப்பிவிட்டேன். ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது. செய்தி இங்கிருந்து கிளம்பிவிட்டது, அங்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். சேராது. இந்நேரம் என் வீட்டுக்காரர் பிரிட்டோ கடலில் இருப்பார், தூத்துக்குடிக் கரை கண்ணுக்கு மறைந்துபோன இடத்தில், விசைப்படகின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வலை இழுபட்டுக்கொண்டிருக்க. அங்கே எந்த டவரும் எட்டாது. தெரிந்தேதான் அனுப்பினேன், தெரிந்தேதான் போனை மருந்து அலமாரியின் மேல் நிமிர்த்தி வைத்திருக்கிறேன், தெரிந்தேதான் கட்டுப்போடும் துணியை வெட்டிக்கொண்டே ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தடவை அதைப் பார்க்கிறேன். இந்த எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு நான் நர்ஸாக வந்த நாளிலிருந்து இந்த அறைக்குள் என் போன் மணி பார்க்கவும் டார்ச் அடிக்கவும்தான் பயன்பட்டிருக்கிறது. வால்பாறையிலிருந்து வரும் பஸ்ஸில் கடைசி மலையைச் சுற்றும்போதே எல்லாருடைய போனும் அடங்கிவிடும், ஆட்கள் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்குவார்கள். போன வருஷம் மழை விட்டதும் பழைய பங்களா மேட்டில் குழி தோண்டினார்கள். கம்பிகள் டிராக்டரில் வந்தன. யானைகள் வந்து வேலியைச் சாய்த்துவிட்டுப் போயின. பிறகு சிவப்பும் வெள்ளையுமாக அது எழுந்து நின்றது, எழுந்து சும்மாவே நின்றது, பல மாதம், கொழுந்து பறிக்கிறவர்கள் நிமிரும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வார்கள். இன்று மத்தியானம் ஜீப்பில் இரண்டு பேர் வந்து மேலே போனார்கள். கொஞ்ச நேரத்தில் தொழிலாளர் லைன் வீடுகளில் யாருடைய போனோ பாடியது. அடுத்து இன்னொன்று. பிறகு மலைச்சரிவு முழுக்க, தேயிலைக்குள்ளேயும் ஆள் தெரியாமல் மணி அடித்தது. என்னோடு வேலை பார்க்கும் ஆயா மாரிக்கனி வாளியைக் கீழே வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடி, திருப்பூரில் இருக்கும் மகனைக் கூப்பிட்டாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். இங்கே டவர் வந்திருச்சு என்றாள். வெயில் எப்படி என்று கேட்டாள். அப்புறம் ஒன்றும் வரவில்லை அவளுக்கு. சரி வச்சிரட்டுமா என்று வைத்துவிட்டு, போனையே பார்த்தபடி நின்றிருந்துவிட்டு, மறுபடியும் அவனையே கூப்பிட்டு ராத்திரிக்கு என்ன சாப்பாடு என்று கேட்டாள்.

ஒரு டிக். எனக்கும் அப்படி ஆகிவிடுமோ. ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு எல்லாம் தயாராக இருக்கும். ஞாயிறு அங்கே படகு கடலுக்குப் போகாது, பூசைக்குப் போய்விட்டு வந்து அவர் வீட்டில் இருப்பார். இங்கே எஸ்டேட் ஜீப் சந்தைக்குப் போகும், பாலத்து வளைவில் எங்களை இறக்கிவிடும். அந்த வளைவில்தான் எதிர்மலையின் டவர் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அவரவருக்கு ஓர் இடம் உண்டு. ஃபாக்டரி மேஸ்திரி பாலத்துச் சுவரின்மேல் ஏறி நிற்பார். மாரிக்கனி மரத்தடியில். எனக்கு மைல்கல்லுக்குப் பக்கம், அங்கேயும் இடது காதில் வைத்தால்தான் கிடைக்கும், வலதுக்கு மாற்றினால் போய்விடும். எல்லாரும் கத்திப் பேசுவோம், எல்லாருக்கும் எல்லாம் கேட்கும். யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எந்த வீட்டுக் கிழவருக்கு நெஞ்சுவலி எல்லாம் தெரியும். நான் வாரம் முழுக்கச் சேர்த்துவைப்பேன். நேற்று ஒரு மிளா மான் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து நின்றதைக்கூட யாரிடமும் சொல்லாமல் ஞாயிறுக்கென்று வைத்திருக்கிறேன். அவரும் வைத்திருப்பார். வலையில் ஏறிய பெரிய திருக்கை மீன், அவர் அம்மாவான அத்தையின் முழங்கால் வலி, பின்பக்கச் சுவரில் விழுந்த விரிசல். அரைமணி நேரம் போவதே தெரியாது. ஜீப் ஹாரன் அடிக்கும். மீதி அடுத்த வாரம் என்று அவர் சொல்லுவார். ஒருநாளும் மீதி இருந்ததில்லை, அது ஒரு பேச்சுக்கு. நாங்கள் பேசாமல் விட்டது மீதி இல்லை, அது வேறு.

மூன்றாம் நம்பர் லைனிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், கொழுந்து வெட்டும் கத்தரி விரலில் பட்டுவிட்டது. ஆழமில்லை. கழுவும்போது அவள் முகம் சுளிக்கவில்லை, இன்னொரு கையில் போன், அதில் யாரோ ஒரு குழந்தை ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறது, அவள் வலியை மறந்து அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். தங்கச்சி பிள்ளை சிஸ்டர், கோயமுத்தூர்ல என்றாள். நல்லா பாடுது என்றேன். மருந்து வைத்துக் கட்டினேன். துணி முனையை இரண்டாகக் கிழித்து முடிச்சுப் போடும்போது மறுபடியும் அது வந்துவிட்டது. அமலி, ஒண்ணு கேக்கணும், நீ இனிமே. போன ஞாயிறு அவ்வளவுதான் கேட்டது. அதற்கு முன்னால் அவர் தம்பி ஜெரால்டின் குழந்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், அவன் மனைவி சுகந்திக்குப் பெண் பிறந்திருக்கிறது, நன்றாகப் பால் குடிக்கிறது என்றார். நல்லது என்றேன். நல்லது என்று சொன்னபோது என் குரல் சரியாகத்தான் இருந்தது, எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன். மழை தூறத் தொடங்கியது. அப்புறம்தான் அமலி, ஒண்ணு கேக்கணும். பிறகு நீ இனிமே. பிறகு ஒன்றுமில்லை. ஹலோ ஹலோ என்றேன். மைல்கல்லைச் சுற்றி வந்தேன். மேஸ்திரியின் சுவரில்கூட ஏறி நின்று பார்த்தேன். எதிர்மலையே மழையில் காணாமல் போயிருந்தது, எல்லாருக்கும் போயிருந்தது, ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நீ இனிமே. அதற்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். நீ இனிமே அங்க இருக்க வேண்டாம், வந்துரு. நீ இனிமே வரவே வேண்டாம். நீ இனிமே எனக்கு யாரு. இது இல்லை, அவர் இப்படிப் பேசுகிறவர் இல்லை. ஆனால் திங்கட்கிழமை துணி துவைக்கும்போது இதுவும் வந்தது, வந்து சோப்பு நுரையோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனது. கேள்வியென்றால் கடைசியில் குரல் மேலே போகும். கடைசிதான் கேட்கவில்லையே. மே என்பதை அவர் நீட்டினாரா? நீட்டின மாதிரி செவ்வாய்க்கிழமை காலை தோன்றியது. சாயங்காலம் இல்லை என்று தோன்றியது. சுகந்தியின் குழந்தையைக் கையில் வாங்கியிருப்பார். கையில் வாங்கியபின் ஒரு மனிதருக்கு என்ன தோன்றும்? இன்னொரு தடவை பார்ப்போமா என்று தோன்றலாம். எனக்கு நாற்பது ஆகப்போகிறது. அதைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? கேட்காமலிருந்தால் என்ன சொல்வேன்? சிஸ்டர், கட்டு ரொம்ப இறுக்கமா இருக்கு என்றாள் அந்தப் பெண். பிரித்து மறுபடி கட்டினேன்.

ஒரு டிக்தான். வெளியே வெயில் போய் மூடுபனி இறங்க ஆரம்பித்திருக்கிறது, டவரின் பாதிக்குமேல் தெரியவில்லை. அதற்குப் பனி ஒரு பொருட்டில்லையாம், மேலே போய்விட்டு வந்தவர்கள் மாரிக்கனியிடம் சொன்னார்களாம். நல்லதுதான். பிரசவம் என்றால் இனி ஆளை ஓடவிட வேண்டாம், வால்பாறை ஆம்புலன்ஸை இங்கிருந்தே கூப்பிடலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்திக்கு உதிரம் நிற்காமல் போய், மேஸ்திரி மகன் பைக்கில் வளைவுவரை போய்ப் போன் செய்துவிட்டு வரும்வரை நான் அவள் வயிற்றை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது. இங்கே என் கையில் பிறந்தவை எல்லாமே பிழைத்தன, அதைச் சத்தமாக நினைக்கக்கூடப் பயம். என்னுடையதுதான் பிழைக்கவில்லை. தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, என்னோடு வேலை பார்த்தவர்களே சுற்றி நிற்க. அன்று காலையில் டியூட்டிக்கு வந்தவள் அசைவு குறைந்த மாதிரி இருக்கிறதே என்று நானே துடிப்புக் கேட்கும் குழாயை வயிற்றில் வைத்துக் கேட்டேன். இடம் மாற்றி வைத்தேன். இன்னும் மாற்றினேன். தோழி ஒருத்தி வந்து என் கையிலிருந்து குழாயை வாங்கிக்கொண்டாள். நிறைமாதம். பெண். முடி நிறைய இருந்தது. ஞானஸ்நானம் இல்லாததால் பதிவில் பெயர் இல்லை, பெண் சிசு என்று இருந்தது, கல்லறையில் ஓரத்தில் இடம் கொடுத்தார்கள், சிலுவையிலும் பெயர் எழுதவில்லை. ஆனால் பெயர் இருந்தது. பெண்தான் என்று நாங்களே முடிவுகட்டி, ஐந்தாம் மாதத்திலிருந்தே இருந்தது. படகு கட்டிவிட்டு வந்ததும் அவர் முதலில் அதைத்தான் கூப்பிடுவார், என்னை இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தப் பெயர் உள்ளே வந்துவிடும். அதற்கப்புறம் வீட்டில் யாரும் அதைச் சொல்லவில்லை. அத்தை சொல்லவில்லை, ஜெரால்டு சொல்லவில்லை. எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று சொல்லவில்லை. அவர் எட்டாம் நாள் கடலுக்குப் போனார். விடிவதற்கு முன்னால் எழுந்து, விளக்கைப் போடாமல், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போகிற சத்தத்தைப் படுத்துக்கொண்டே கேட்டேன். ஆம்பிளைக்கு வேலை இருக்கிறது, போகிறார், மறந்துவிடுவார் என்று நினைத்தேன். கோபமாகக்கூட நினைக்கவில்லை. மழை பெய்கிறது என்று நினைப்பதுபோல நினைத்தேன். அப்புறம் இந்த எஸ்டேட்டுக்கு நர்ஸ் வேண்டும் என்று தெரிந்தவர் மூலமாக வந்தபோது ஒரு வருஷம் போய்ப் பார்க்கிறேனே என்றேன். போய்ட்டு வா என்றார், அந்த ஒரு வருஷம் பல வருஷமாகிவிட்டது. மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் இங்கே வந்துவிடுவார். அந்த வாரங்கள் நன்றாகத்தான் இருக்கும். சமைப்பார், கூரை ஒட்டுவார், லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தூண்டில் கட்டிக் கொடுப்பார். இரண்டு பேரும் ஒரே கூரைக்குள், பேசுவதற்கு நேரமும் இருந்து, வளைவுமில்லை கூட்டமுமில்லை, அப்போதும் பேசவில்லை. அப்படியென்றால் குறை டவரில் இல்லை. இதை இன்றைக்குத்தான் நினைக்கிறேனா, முன்பே தெரியுமா? தெரியும். ஆனால் டவர் இல்லை என்று ஒன்று இருந்தது, அதற்குப் பின்னால் நிற்க இடம் இருந்தது. இனி அவர் எந்த நாளும் கூப்பிடலாம். கூப்பிடாமலிருந்தால் கூப்பிடவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

சாயங்காலம் நோயாளிகள் யாரும் இல்லை. மாரிக்கனி டீ போட்டுக் கொடுத்துவிட்டு, மகன் இப்போது எடுக்க மாட்டேன் என்கிறான், வேலையாம் என்று சொல்லிவிட்டு லைனுக்குப் போனாள். நான் ஊசிகளை எண்ணி வைத்தேன். எண்ணியதையே மறுபடி எண்ணினேன். படகுகள் திரும்பத் தொடங்கும் நேரம். கலங்கரை விளக்கம் தெரிய ஆரம்பிக்கும்போது படகில் வேலை பார்க்கும் பையன்களின் போன்களெல்லாம் ஒன்றாகக் கூவும் என்று அவர் சொல்லியிருக்கிறார், அதுவரை செத்துக்கிடந்த மீன் கூடைக்குள் துள்ளுவது மாதிரி இருக்கும் என்று. அந்தக் கூச்சலில் என்னுடையதும் இருக்கும். அவர் உடனே எடுத்துப் பார்ப்பவர் இல்லை, படகைத் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து கட்டியபின்தான் பார்ப்பார், அதற்கப்புறம் மீனை இறக்க வேண்டும். இப்படி நான் அவருக்காக நேரத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தபோது இரண்டாவது டிக் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. என் கையில் டீ டம்ளர். கீழே வைத்தேன். பிறகு இரண்டும் நீலமாக மாறின. படித்துவிட்டார். படித்துவிட்டு ஒன்றும் எழுதவில்லை. எழுதுகிறார் என்றும் காட்டவில்லை. நான் ஜன்னலைச் சாத்தினேன், திரும்பத் திறந்தேன். அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். மனம் அமைதியாக இருந்தது, அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நானே கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன், எடுத்த கையிலேயே அது அதிர்ந்தது.

அமலி என்றார். எங்கிருந்து பேசுகிறாய் என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குள்ளேதான், அறையில் நிற்கிறேன் என்றேன். பக்கத்தில் யார் என்றார். யாருமில்லை என்றேன். பின்னால் எஞ்சின் சத்தம் பெரிதாகக் கேட்டது, இன்னும் கடலில்தான் இருந்தார். வலது காதில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். மிளாவைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை.

“ஞாயித்துக்கிழமை என்னமோ கேட்டீங்க. பாதியில போயிருச்சு,” என்றேன்.

“பாதியிலயா? நான் முழுசாக் கேட்டேனே. நீ கேட்டுட்டுத்தான் போனை வச்சிட்டன்னு நெனச்சேன்,” என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். திங்கள், செவ்வாய், இன்று பகல் முழுக்க, நான் இங்கே ஒரு வாக்கியத்தின் பின்பாதியைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் அங்கே முழு வாக்கியத்தையும் வைத்துக்கொண்டு, நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, வலையைப் போட்டுக்கொண்டும் இழுத்துக்கொண்டும் இருந்திருக்கிறார். மழை பெய்தது, எல்லாருக்குமே போய்விட்டது என்றேன். அதை இரண்டு தடவை சொன்னேன். சரி சரி என்றார். என்ன கேட்டீர்கள் என்றேன். மறுபடியும் கேட்க வேண்டுமா என்பதுபோல அவர் மூச்சு விடுவது கேட்டது. எஞ்சின் சத்தத்தையும் மீறி, இத்தனை தெளிவாக அவர் மூச்சைப் போனில் நான் கேட்டதில்லை.

“நீ இனிமே அவ பேரைச் சொல்லவே மாட்டியான்னு கேட்டேன்.”

அவரே சொன்னார். ஜெரால்டு வந்து கேட்டானாம், அந்தப் பெயரைத் தன் குழந்தைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று. வருகிற வாரம் ஞானஸ்நானம். பேரு சும்மாதானே கெடக்கு என்று அத்தையும் சொன்னார்களாம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நல்ல பேராச்சே என்றுதான். இவர் அமலியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். சொல்லிவிட்டு யோசித்தால், அமலியிடம் அதை எப்படிக் கேட்பது, அவள் அந்தப் பெயரை வாயில் எடுத்தே இத்தனை வருஷமாயிற்று, ஒருவேளை அவளுக்கு அது வேண்டாம் என்றே ஆகிவிட்டதோ என்று தோன்றியிருக்கிறது. அதனால்தான் முதலில் அதைக் கேட்டேன் என்றார். நான் சொல்லவில்லை என்றுதான் அவரும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அவர் சொல்லவில்லை என்று நான். எஞ்சின் சத்தத்துக்கு நடுவே அவர் இருமினார். உனக்குச் சரின்னா குடுத்திரலாம் என்றார், குரல் அதைச் சொல்ல விரும்பவில்லை. சுகந்தியின் குழந்தையை நினைத்துப் பார்த்தேன். அது வளரும், தெருவில் ஓடும், யாராவது வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்லி அதட்டுவார்கள், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவில் கூப்பிடுவார்கள், அது எழுந்து ஆஜர் சொல்லும். அந்தக் குழந்தையின்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நன்றாக இருக்கட்டும்.

“வேற பேரு வைக்கச் சொல்லுங்க,” என்றேன். “செலின் ஒருத்திதான்.”

சொல்லிவிட்டேன். அறைக்குள் சொன்னேன், மருந்து அலமாரிக்கும் தராசுக்கும் நடுவில். வாய் அதை மறந்திருக்கவில்லை. மறுமுனையில் ஒன்றும் கேட்காமல் போகவே மறுபடியும் அறுந்துவிட்டதோ என்று பயந்து போனை எடுத்துப் பார்த்தேன். அறுந்துபோகவில்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. காதில் வைத்தபோது அவர் பேசிக்கொண்டிருந்தார், மெதுவாக, ஏற்கெனவே தொடங்கிவிட்ட மாதிரி. அன்றைக்கு, அந்த எட்டாம் நாள், வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல முடியவில்லை, தெருவில் முடியவில்லை, அதனால்தான் கடலுக்குப் போனேன் என்றார். கரை மறைந்து, போனில் டவரும் போனபிறகு, சக்கரத்தைப் பக்கத்தில் நின்றவன் கையில் கொடுத்துவிட்டுப் படகின் பின்னால் போய் நின்று ஒரு தடவை கூப்பிடுவாராம். தினமும். எஞ்சின் சத்தத்தில் பையன்களுக்குக் கேட்காதாம், டிரைவர் வலையைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்துக்கொள்வார்களாம். இன்றைக்குமா என்று கேட்டேன். இன்றைக்கும் என்றார்.

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். எங்கே நின்றாலும் கேட்டது. இப்போது கூப்பிடுங்கள், எனக்குக் கேட்க வேண்டும் என்றேன். கரை வந்துவிட்டதே, பையன்களெல்லாம் முன்னால் நிற்கிறார்களே என்றார். நிற்கட்டும் என்றேன்.

“எஞ்சினைக் குறைங்க,” என்றேன்.

பிறகு அந்தச் சத்தம் இறங்கத் தொடங்கியது, இறங்கி இறங்கி அடங்கி, படகின் பக்கவாட்டில் தண்ணீர் மோதுவது மட்டும் மிஞ்சியது. யாரோ ஒரு பையன் என்னண்ணே, என்னாச்சு என்று கேட்டான். மூச்சை இழுத்தார். பிறகு கூப்பிட்டார், தூரத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல, இரண்டாவது எழுத்தை நீட்டி, வெட்கமில்லாமல், முழுக் குரலில். அது தண்ணீரின் மேல் போய்க்கொண்டே இருந்தது.

இன்னொரு தடவை என்றேன்.